தெரிந்தே சொன்ன சொல்

அந்த லாண்டரியில் அவளுக்கு நிமிஷக்கா என்று பெயர். யார் வைத்தது என்று தெரியாது. எதற்கு வைத்தார்கள் என்று கேட்கத் தேவையில்லை. "ஒரு நிமிஷம்கூட வீணாப் போகக்கூடாது" என்று ஒரு நாளில் எத்தனை தடவை சொல்வாள் என்று மடிப்புப் பிரிவுப் பெண்கள் பந்தயம் கட்டிய காலம் உண்டு. முதுகுக்குப் பின்னால் புழங்கிய பெயர் மெல்ல மெல்ல முகத்துக்கு நேராகவே வந்துவிட்டது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. உள்ளுக்குள் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பெரிய லாண்டரி அது. ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் படுக்கை விரிப்பும் துண்டும் தலையணை உறையும் வண்டி வண்டியாக வரும். பின்கட்டில் அழுக்குத் துணியைப் பிரிக்கும் அறை. அதை ஒட்டி ஆள் உயரத்துக்கு வாஷிங் மெஷின்கள். அங்கிருந்து பிழிந்த துணி சூடான ரோலர்களுக்குள் போய், மறுபக்கம் வழவழவென்று வெளியே வரும். வருவதை ஆறு மேசைகளில் பன்னிரண்டு பெண்கள் மடிப்பார்கள். அந்த ஆறு மேசைக்கும் நிமிஷக்காதான் சூப்பர்வைசர். மூலை கோணினால் உதறிப் போட்டுத் திரும்ப மடிக்கச் சொல்வாள். தானே நின்று மடித்தும் காட்டுவாள். வேலையில் அவளைக் குறை சொல்ல ஆள் கிடையாது. வாயைத்தான் சொல்வார்கள்.

வயது முப்பத்தாறு. கல்யாணமாகிப் பதினோரு வருஷம். கணவன் லிஃப்ட் மெக்கானிக். முதல் எட்டு வருஷம் குழந்தைக்காக ஏறாத ஆஸ்பத்திரி இல்லை. ஊசி, மாத்திரை, ஒவ்வொரு மாதமும் ஒரு எதிர்பார்ப்பு, ஒவ்வொரு மாதமும் ஒரு அழுகை. பிறகு ஒருநாள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி, போதும் என்று விட்டுவிட்டார்கள். அவன் ஒரு மீன்தொட்டி வாங்கி வந்தான். அவள் இன்னும் ஒரு ஷிஃப்ட் சேர்த்துப் பார்க்க ஆரம்பித்தாள்.

அப்படி இருக்கும்போதுதான் நாள் தள்ளிப்போனது. வயசாகிறது, மாதவிலக்கு நிற்கப் போகிறதோ என்றுதான் முதலில் நினைத்தாள். பத்து நாள் கழித்துப் பார்த்த பரிசோதனையில் இரண்டு கோடு.

கணவனுக்குத் தலைகால் புரியவில்லை. குளியலறை வாசலில் அப்படியே தரையில் உட்கார்ந்து, "நெஜமாவா? நெஜமாவா?" என்று நாலு தடவை கேட்டான். மாமியார் போனில் அழுதே விட்டாள். "மருமகளே, நீ இனி ஒரு துரும்பைக்கூடத் தூக்கக்கூடாது" என்றாள். நிமிஷக்காவும் சிரித்தாள். இதைவிடப் பெரிய சந்தோஷம் ஒன்று பின்னால் வந்துகொண்டிருக்கும், நிதானமாக வந்து சேரட்டும் என்று காத்திருந்தாள். அது வரவில்லை. மசக்கைதான் வந்தது.

காலையில் மட்டும்தான் வாந்தி என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தாள். அவளுக்குக் காலை, மதியம், மாலை என்ற பேதம் எதுவும் இல்லை. கண் விழிக்கும்போதே வாயில் துருப்பிடித்த இரும்பை வைத்த மாதிரி ஒரு ருசி. எழுந்து உட்கார்ந்தால் குடல் தொண்டைக்கு ஏறும். எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். விழுங்கினால் குமட்டும், துப்பினால் நிற்காது. மார்பு கல்லாகக் கனத்து, சட்டை உரசினாலே வலித்தது. அரைமணிக்கு ஒருதரம் பாத்ரூம். பகல் முழுக்க, யாரோ எலும்பை உருவிவிட்டுப் போன மாதிரி ஒரு அசதி.

இதில் வேடிக்கை என்னவென்றால், அழுக்குத் துணி அறையின் நாற்றம் அவளை ஒன்றும் செய்யவில்லை. ரோலரிலிருந்து வரும் சூடான, சுத்தமான பருத்தித் துணியின் வாசனைதான் அடித்துப் போட்டது. பதினைந்து வருஷமாக அவளுக்குப் பிடித்த ஒரே வாசனை அதுதான். இப்போது முதல் விரிப்பு வெளியே வந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினாள்.

வீட்டில் இன்னும் மோசம். கணவனின் மேல் ஒட்டியிருக்கும் கிரீஸ் வாடை ஆகவில்லை. "கிட்ட வராதீங்க, அங்கயே நில்லுங்க" என்பாள். அவன் வாசலிலேயே நின்று சட்டையைக் கழற்றி, மூன்று தடவை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வருவான். அந்த சோப்பும் ஆகவில்லை. முகம் சுளிக்காமல் பாயை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனான். அவன் அப்படிப் போனதைப் பார்த்து அழுதாள். ஒரு தலையணை உறையின் தையல் விட்டிருந்ததைப் பார்த்து அழுதாள். மீன்தொட்டியைப் பார்த்தும் அழுதாள். அவன் பதறிப்போய், "மீன் நல்லாத்தானே இருக்கு?" என்று எண்ணிப் பார்த்தான்.

ஏழாவது வாரத்தில் ஒரு காலை. வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு, வெறும் மஞ்சள் தண்ணீராக வாந்தி எடுத்து முடித்தபோது அவள் மனதில் ஒரு வாக்கியம் ஓடியது. 'இது வராமலே இருந்திருக்கலாம்.' நினைத்த மறுகணம் தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். எட்டு வருஷம் கேட்டுக் கேட்டு அலைந்தது. கையில் கொடுத்தபிறகு வேண்டாம் என்று நினைக்கிற மனசு என்ன மனசு? எட்டு வருஷம் சும்மா நடித்தேனா? கணவனிடம் சொல்ல வாய் வரவில்லை. அவன் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு எப்படிச் சொல்வது?

இது ஒரு குற்றவுணர்ச்சி. இதற்கடியில் இன்னொன்று கிடந்தது. அதற்கு மூன்று வயது.

மூன்றாம் மேசையில் ஒரு பெண் வேலை பார்த்தாள். அதிகம் பேசமாட்டாள், கை மட்டும் பேசும். அவள் மடித்த விரிப்பை அளவுகோல் வைத்துச் சரிபார்க்கலாம். மூன்று வருஷத்துக்கு முன்னால், அவள் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தபோது, திடீரென்று அடிக்கடி பாத்ரூமுக்குப் போக ஆரம்பித்தாள். ஒரே ஷிஃப்டில் ஏழு தடவை. நிமிஷக்கா ஸ்டோர் ரூமுக்குக் கூப்பிட்டுக் கேட்டாள். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு, "அக்கா, எனக்கு நாள் தள்ளிப்போயிருக்கு. யார்கிட்டயும் சொல்லல. உங்ககிட்டதான் சொல்றேன்" என்றாள். சொல்லும்போதே அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.

அந்தச் சிரிப்புதான் நிமிஷக்காவின் நெஞ்சில் போய்த் தைத்தது. அது அவளும் கணவனும் போதும் என்று விட்டுவிட்ட வாரம்.

"சரி போ" என்று மட்டும் சொன்னாள். அன்று மத்தியானம் அந்தப் பெண் மறுபடி மேசையை விட்டு நகர்ந்தபோது, மற்ற பதினொரு பேர் முன்னால், "இங்க வேலை பாக்க வந்தியா, பாத்ரூம்ல குடித்தனம் பண்ண வந்தியா?" என்று கத்தினாள். எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். மறுநாளிலிருந்து ஒரு வாரத்துக்கு அவளை அழுக்குத் துணி அறைக்கு மாற்றினாள். அங்கே பாத்ரூம் பக்கம் என்று காரணம் சொன்னாள். காரணம் அதுவல்ல என்பது அவளுக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

நாலாம் நாள் அந்தப் பெண் வேலைக்கு வரவில்லை. பத்து நாள் கழித்து வந்தாள். முகம் சுண்டியிருந்தது. வயிற்றில் எதுவும் இல்லை என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. நிமிஷக்கா அவளைத் திரும்ப மூன்றாம் மேசைக்கே போட்டாள். ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. விசாரித்தால் தான் எதைக் கேட்க நேரும் என்ற பயம். அதன்பிறகு அந்தப் பெண் அவளிடம் "சரிக்கா", "முடிஞ்சுதுக்கா" என்ற இரண்டு சொல்லுக்கு மேல் பேசியதில்லை. 'திமிரு' என்று நிமிஷக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொல்லிக்கொள்வது வசதியாக இருந்தது.

இப்போது அரைமணிக்கொருதரம் பாத்ரூம் கதவைச் சாத்தும்போதெல்லாம் அந்தச் சொல் காதில் விழுந்தது. பாத்ரூமில் குடித்தனம். கேட்டது அவள் குரலிலேயே.

மூன்று மாதம் முடியாமல் வெளியே சொல்ல வேண்டாம் என்று மாமியார் சொல்லியிருந்தாள். ஆகவே வயிற்றுப்புண் என்று சொல்லிச் சமாளித்தாள். ஓடிப்போய் வாந்தி எடுத்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி வந்து நிற்பாள். முதலில் கண்டுபிடித்தது மூன்றாம் மேசைக்காரிதான். ஒருநாள் பாத்ரூமிலிருந்து நிமிஷக்கா திரும்பி வந்தபோது, மேனேஜர் மடிப்புப் பிரிவில் நின்று, "எங்க உங்க சூப்பர்வைசர்? அரைமணியா ஆளக் காணோம்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். தூணுக்குப் பின்னால் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஸ்டோர்ல துண்டு பாக்கப் போயிருக்காங்க சார். நான்தான் பத்தலன்னு சொன்னேன்" என்றது ஒரு குரல். மூன்றாம் மேசையிலிருந்து.

மேனேஜர் போய்விட்டார். நிமிஷக்கா தன் இடத்துக்கு வந்தாள். அந்தப் பெண் தலையே நிமிரவில்லை. மடித்துக்கொண்டேயிருந்தாள். மேசை ஓரத்தில் நாலு உப்பு பிஸ்கட் ஒரு காகிதத்தில் இருந்தது. நிமிஷக்காவின் பக்கமாகத் தள்ளி வைக்கப்பட்டிருந்தது.

நாலு பேர் முன்னால் அவள் தன்னைப் பழித்திருந்தால் தாங்கியிருக்கலாம். அந்த பிஸ்கட்டைத் தாங்க முடியவில்லை. எடுத்துத் தின்றாள். அதிசயமாக, அது மட்டும் வயிற்றில் தங்கியது. அன்று முழுக்க, செருப்பால் அடி வாங்கியவள் மாதிரி நடமாடினாள்.

ஒன்பதாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். பாத்ரூமில் உள்ளாடையில் ரத்தம் பார்த்தாள். அதிகமில்லை. பழுப்பும் சிவப்புமாகக் கொஞ்சம். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மனதில் பயத்துக்கு முன்னால் வந்தது வேறு ஒன்று. 'வந்துருச்சு. வரவேண்டியது வந்துருச்சு.' வேண்டாம் என்று நினைத்தாயே, பறிபோகிறது. அவளுக்குச் செய்தாயே, உனக்கும் நடக்கிறது. தீர்ப்பு படிப்பதைக் கேட்பவள் மாதிரி அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

கதவைத் திறந்து வெளியே வந்தபோது மூன்றாம் மேசைக்காரி கைகழுவிக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் நிமிஷக்காவின் முகத்தைப் பார்த்ததுமே திரும்பினாள்.

"ரத்தமாக்கா?"

நிமிஷக்கா தலையசைத்தாள்.

"வலி இருக்கா?"

"இல்ல."

"அதிகமா போகுதா?"

"இல்ல. கொஞ்சம்தான்."

"சரி வாங்க. மேனேஜர்கிட்ட நான் சொல்லிக்கிறேன். நடக்க முடியுதில்ல?"

இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன ஆஸ்பத்திரி. டாக்ஸியில் போனார்கள். வழியில் அந்தப் பெண்ணே போனை வாங்கி நிமிஷக்காவின் கணவனுக்குப் பேசினாள். "பயப்படாம வாங்கண்ணா, அக்கா நல்லாத்தான் இருக்காங்க" என்றாள். அவன் நகரத்தின் மறுகோடியில் ஏதோ பதினாலாவது மாடியில் இருந்தான். வர ஒரு மணி நேரமாகும்.

ஸ்கேன் அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகள். முன்னால் மூன்று பேர் காத்திருந்தார்கள். தண்ணீர் குடிக்கச் சொல்லியிருந்தார்கள். நிமிஷக்கா ஒரு மடக்கு குடித்துவிட்டு, டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அன்னைக்கு நீ என்கிட்ட சொன்னதுக்கப்புறம்தான் நான் உன்ன அப்படிப் பேசினேன். தெரியாமப் பேசல."

அந்தப் பெண் எதிர்ச்சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"உனக்குக் கெடச்சிருச்சு, எனக்குக் கெடைக்கலன்னு வயித்தெரிச்சல். அதனாலதான் உன்ன அந்த ரூம்ல போட்டேன். வேற ஒண்ணுமில்ல. மூணு வருஷமா உன் மொகத்தப் பாக்கிறப்பல்லாம் உனக்குத் திமிருன்னு சொல்லிக்கிட்டேன். உன் கொழந்தைய நான்தான்…" அதற்குமேல் வரவில்லை.

எதிர்ச்சுவரில் ஒரு காலண்டர் மாட்டியிருந்தது. அந்தப் பெண் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேசினபோது குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"கரு கலைஞ்சது உங்களால இல்லக்கா. டாக்டர் அன்னைக்கே சொல்லிட்டாங்க. அது ஆரம்பத்துலயே சரியா உருவாகல, நான் வீட்டுல படுத்தே இருந்திருந்தாலும் நின்னிருக்காதுன்னாங்க. நான் நம்பாம இன்னொரு டாக்டர்கிட்டயும் கேட்டேன். அவங்களும் அதேதான் சொன்னாங்க."

நிமிஷக்கா மூச்சு விட்டாள்.

"ஆனா நான் அழுதது உங்களாலதான்," என்றாள் அந்தப் பெண். "கலைஞ்சதுக்கு அழுதது வேற. எல்லாரும் சிரிச்சாங்கல்ல, அதுக்கு அழுதேன். நான் மொதமொதல்ல சொன்னது உங்ககிட்டதான். என் புருஷன்கிட்டகூட அன்னைக்கு சாயங்காலம்தான் சொன்னேன். அத எப்படி உங்களால அப்படித் திருப்பி அடிக்க முடிஞ்சுதுன்னு இன்னிவரைக்கும் எனக்குப் புரியல."

"என்ன மன்னிச்சிரு."

"பாக்கலாம்க்கா," என்றாள் அவள். "இப்ப தண்ணியக் குடிங்க. ஸ்கேனுக்கு வயிறு நெறஞ்சிருக்கணும்."

திரையில் பயறு போல ஒன்று தெரிந்தது. அதன் நடுவில் ஒரு புள்ளி துடித்துக்கொண்டிருந்தது. டாக்டரம்மா சத்தத்தைக் கூட்டினார். குதிரை ஓடுகிற மாதிரி வந்தது. "நல்லா இருக்கும்மா. ஆரம்பத்துல இந்த மாதிரி கொஞ்சம் ரத்தம் பலபேருக்குப் படும். ரெண்டு நாள் ஓய்வா இருங்க. அதிகமாப் போனாலோ வலிச்சாலோ உடனே வந்துருங்க" என்றார்.

நிமிஷக்கா குலுங்கிக் குலுங்கி அழுதாள். டாக்டரம்மா கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"வாந்தி எப்படி இருக்குன்னு கேட்டேன். மனசு எப்படி இருக்குன்னு கேக்கலையே. சொல்லுங்க."

அவள் சொன்னாள். எட்டு வருஷம் கேட்டது, சந்தோஷம் வராதது, வாஷ்பேசினில் நினைத்தது, எல்லாம். கணவன் அப்போதுதான் மூச்சிரைக்க உள்ளே வந்து கதவோரம் நின்றிருந்தான். அவளுக்கு அது தெரியாது. கிரீஸ் வாடை வந்தபிறகுதான் தெரிந்தது.

"ரொம்ப நாள் காத்திருந்து உண்டாறவங்களுக்கு இது இன்னும் கஷ்டம்," என்றார் டாக்டரம்மா. "சந்தோஷமா இருந்தே ஆகணும்னு ஒரு பாரம். அழுதாக்கூடத் தப்புன்னு தோணும். உடம்பு இவ்வளவு படுத்துறப்ப மனசு மட்டும் எப்படிச் சிரிக்கும்? நீங்க நெனச்சதுனால எதுவும் ஆகாது. நெனப்புக்கு அவ்வளவு பலம் கெடையாதும்மா." வாந்திக்கு மாத்திரை எழுதினார். எழுந்திருக்கும் முன்பே ஏதாவது உலர்ந்ததைக் கடிக்கச் சொன்னார், வயிற்றைக் காலியாக விடாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடச் சொன்னார். "ரெண்டு வாரம் கழிச்சு வாங்க. அப்பவும் இந்த அழுகை விடலன்னா, இதுக்குன்னே பேசறவங்க இங்க இருக்காங்க, அவங்களப் பாக்கலாம். வெக்கப்படாம வரணும்."

வெளியே வந்தபோது மூன்றாம் மேசைக்காரி இல்லை. வேலைக்குத் திரும்பிவிட்டாள் என்று வரவேற்பில் இருந்தவள் சொன்னாள்.

டாக்ஸியில் கணவன் ஜன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, அவளிடமிருந்து எட்டிய மட்டும் தள்ளி உட்கார்ந்தான். கொஞ்ச தூரம் போனதும், "என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றான்.

"நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க."

"நான் எங்க சந்தோஷமா இருந்தேன்? தினம் நடுங்கிக்கிட்டிருக்கேன். நீ பயந்துருவன்னு சிரிச்சுக்கிட்டுத் திரிஞ்சேன்" என்றான் அவன்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்த ஒரு மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு.

இரண்டு நாள் ஓய்வு முடிந்து வேலைக்குப் போன அன்று, ரோலரை ஓடவிடும் முன்பு மேசைகளுக்கு நடுவில் வந்து நின்றாள். "எனக்கு ரெண்டு மாசம் முடிஞ்சிருக்கு. வயித்துப்புண்ணுன்னு பொய் சொன்னேன்" என்றாள். பெண்கள் கலகலவென்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார்கள். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். "இன்னொண்ணு. மூணு வருஷம் முன்னால இங்க நான் ஒருத்தியப் பாத்து ஒண்ணு கத்தினேன். நீங்கள்லாம் சிரிச்சீங்க. அவ என்ன நெலமையில இருந்தான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன். தப்பு என்னோடது."

யாரும் சிரிக்கவில்லை. மூன்றாம் மேசைக்காரி முகம் சிவந்து, அடுக்கியிருந்த துண்டுகளையே மறுபடி அடுக்கினாள். இடைவேளையில் வந்து, "என்னக் கேட்டுட்டுச் சொல்லியிருக்கலாம்க்கா. எல்லாருக்கும் இப்ப என் கதை தெரிஞ்சுபோச்சு" என்றாள். அதை நிமிஷக்கா யோசித்துப் பார்த்திருக்கவேயில்லை. தன் பாரத்தை இறக்கி வைக்கிற அவசரத்தில் மறுபடியும் அந்தப் பெண்ணின் தலையில்தான் வைத்திருந்தாள்.

அதற்குப் பிறகு மன்னிப்பு என்ற சொல்லை அவள் எடுக்கவில்லை. செய்ய முடிந்ததைச் செய்தாள். மேனேஜரிடம் மூன்று தடவை போய் நின்று, மேசைக்கு ஒரு உயர நாற்காலி கேட்டு வாங்கினாள். பாத்ரூமுக்குப் போக யாரும் கேட்க வேண்டியதில்லை என்று சொன்னாள். உடம்புக்கு முடியாதவர்களை ரோலர் பக்கத்திலிருந்து தள்ளிப் போட்டாள், ஏன் என்று கேட்கவில்லை. வேலை ஒன்றும் குறையவில்லை.

மாத்திரையும் நாளும் சேர்ந்து, நாலாவது மாதத்தில் வாந்தி அடங்கியது. அழுகை மெதுவாகத்தான் விட்டது. டாக்டரம்மா சொன்ன ஆலோசகரிடம் நாலு தடவை போய்வந்தாள். முதல் தடவை போனபோது வாசலிலேயே திரும்பிவிடப் பார்த்தாள். கணவன்தான் கையைப் பிடித்து நிறுத்தினான்.

பெண் குழந்தை. ஒரு மழைநாள் காலையில் பிறந்தது. லாண்டரியிலிருந்து எல்லோரும் ஒன்றாக வந்து, அறையே அதிரும்படி பேசிச் சிரித்துவிட்டுப் போனார்கள். மூன்றாம் மேசைக்காரி அந்தக் கூட்டத்தில் இல்லை. நிமிஷக்கா யாரிடமும் அவளைப்பற்றிக் கேட்கவில்லை.

பன்னிரண்டாம் நாள், வீட்டுக்கு, தனியாக வந்தாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தூக்கட்டுமா என்று கேட்டு, கை கழுவிவிட்டு வந்து, மடியில் வாங்கிக்கொண்டாள். போர்வையின் மூலையைக் கோணாமல் மடித்துவிட்டாள். நிமிஷக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்க்கிற உரிமை தனக்கு இல்லை என்று பட்டது.

"மூக்கு உங்கள மாதிரி," என்றாள் அவள், குழந்தையைத் திருப்பித் தரும்போது. "எப்ப வேலைக்கு வரீங்க?"

"ஆறு மாசம் ஆகும்."

"வாங்க. ஆறாம் மேசை மூலைய ஒழுங்கா மடிக்க மாட்டேங்குறாங்க. நான் சொன்னாக் கேக்கறதில்ல" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள்.

மூன்றரை வருஷத்தில் அவள் நிமிஷக்காவிடம் வேலையைப் பற்றி இவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.